ஊறின மட்டை

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

அந்தூரியம் வளர்ப்பைப் பற்றி நாலு பக்கம் எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். நிழல் எவ்வளவு வேண்டும், தண்ணீர் எத்தனை தரம் விட வேண்டும், பக்கக்கன்றை எப்போது பிரிக்க வேண்டும் என்பதெல்லாம் உங்கள் கைபேசியிலேயே கிடக்கிறது. அதையே நானும் எழுதினால் உங்களுக்கும் அலுப்பு, எனக்கும் அலுப்பு. அதனால் ஒரேயொரு சொல்லைப் பற்றி எழுதுகிறேன். அந்தச் சொல்லை ஒரு வகுப்பில் வாய் நிறையச் சொல்லிவிட்டு, இருபத்திரண்டு செடிகளையும் அவற்றை நம்பியிருந்த ஏழு பெண்களையும் கைவிடப் பார்த்தவன் நான். கடைசியில் அப்படி நடக்காமல் போனதற்கு நன்றி சொல்ல வேண்டிய ஆள் நான் அல்ல என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மருதனார்மடத்துக்குக் கிட்ட இருந்த ஒரு நாற்றுப்பண்ணையில் அப்போது பூச்செடிப் பகுதிக்கு நான் பொறுப்பு. எங்களிடம் இருந்த அந்தூரியத் தாய்ச்செடிகள் எண்பத்து மூன்றில், கலவரத்துக்குக் கொஞ்சம் முந்தி, மலைநாட்டிலிருந்து கோச்சியில், அதுதான் ரயிலில், வந்தவை. அதற்குப் பிறகு இன்னொரு பெட்டி கொண்டுவரச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. போய்க் கொண்டுவரவும் ஒருவரும் துணியவில்லை. அந்தூரியமோ அவசரப்படாத செடி. வருடத்துக்கு இரண்டு பக்கக்கன்று வைத்தாலே பெரிய காரியம். இரண்டு வருடம் பொத்திப் பொத்தி வளர்த்துத்தான் வெளியே கொடுக்கக்கூடிய மாதிரி இருபத்திரண்டு செடிகள் சேர்ந்தன.

அந்த நேரத்தில்தான் குருநகரிலிருந்து ஏழு பெண்கள் பண்ணைக்கு வந்தார்கள். யுத்தத்தால் கடலுக்கு இறங்கத் தடை வந்திருந்த காலம். வள்ளங்கள் கரையில் கவிழ்ந்து கிடந்தன, ஆண்கள் வலையைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்தார்கள். பட்டினத்தில் பூக்கடைக்காரர் அந்தூரியம் கேட்டு நிற்பதாக இந்தப் பெண்கள் கேள்விப்பட்டிருந்தார்கள். வெட்டினால் இரண்டு கிழமை வாடாத பூ. கல்யாணத்துக்கு வேண்டும், கோயில் பீடத்துக்கு வேண்டும், அந்த நாட்களில் எல்லாவற்றையும் விட மலர்வளையத்துக்கு வேண்டும். “எங்களுக்கும் கண்டு தருவியளோ சேர்?” என்று கன்று கேட்டார்கள்.

எங்கள் பெரியவரிடம் போனேன். பண்ணை முழுவதற்கும் அவர்தான் தலைவர். அதிகம் பேசமாட்டார், பேசினால் திருப்பிப் பேச இடம் வைக்கமாட்டார்.

“ஐசே, உந்தக் கடற்கரைக் காத்துக்கும் உவர்த்தண்ணிக்கும் அந்தூரியம் நிக்குமோ? கண்டுகளைக் கொண்டுபோய்க் கடலுக்கை எறியப் போறீரோ?”

நான் விடவில்லை. மூன்று நாள் அவர் மேசைக்கு முன்னால் போய் நின்றேன். கடைசியில் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். இருபத்திரண்டு செடிகளையும் ஒரே வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே நின்றுபிடித்தால் அவை வைக்கும் கன்றுகளை மற்ற ஆறு பேருக்கும் பிரித்துக் கொடுக்கலாம். நின்றுபிடிக்காவிட்டால் எல்லாவற்றையும் திருப்பி ஏற்றிக்கொண்டு வரவேண்டும், கடற்கரைப் பக்கம் என்று இனி ஒருவரும் வாய் திறக்கக்கூடாது.

எந்த வீடு என்பதை ஏழு பேருமே கூடிப் பேசி முடிவு செய்தார்கள். அவர்கள் காட்டிய பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். அவரின் பெயரை இங்கே எழுதவில்லை. அவருக்கு அது பிடிக்காது. கணவருக்குக் கடல் இல்லாமல் போனபின் தேங்காய் மட்டையை அடித்துத் தும்பு என்கிற நாரை எடுத்து, கயிறு திரித்து வீட்டை நடத்திக்கொண்டிருந்தவர். நான் நிழல்வலை கொண்டு போவதற்கு முன்பே, பழைய மீன்வலையை மூன்று மடிப்பாக மடித்து, அதன் மேல் தென்னோலைக் கிடுகு செருகி, பந்தல் போட்டு வைத்திருந்தார். உள்ளே கையை நீட்டிப் பார்த்தேன். வெயில் புள்ளி புள்ளியாகத்தான் விழுந்தது. அந்த வேலைப்பாட்டைக் கண்டு எனக்குப் பெரிய சந்தோஷம். பெரியவரிடம் வென்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

செடி கொடுப்பதற்கு முன் பண்ணையில் ஒரு வகுப்பு வைத்தேன். குருநகர்ப் பெண்களோடு வேறு ஊர்களிலிருந்தும் சிலர் வந்திருந்தார்கள். எங்கள் துண்டுப் பிரசுரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தூரியத்துக்கு மண் ஆகாது, நன்றாக ஊறின தேங்காய் மட்டையைச் சின்னத் துண்டுகளாக வெட்டிச் சட்டியில் நிரப்புங்கள் என்று படித்தேன்.

பந்தல் போட்ட அந்தப் பெண் கை தூக்கினார். “ஊறின மட்டையோ சேர்? எவ்வளவு நாள் ஊறினது?”

“எவ்வளவு ஊறுதோ அவ்வளவுக்கு நல்லது.”

“அப்ப எங்களுக்குக் கவலையில்லை. எங்களிட்டை மலைமாதிரிக் கிடக்கு.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருந்தேன். அவர் வீட்டுக் கிணறு உவர். ஒரு துளி கூட அதிலிருந்து ஊற்றக்கூடாது, பைப்படியில் பிடித்த நல்ல தண்ணீர்தான் விடவேண்டும் என்று சத்தியம் வாங்காத குறையாகச் சொன்னேன். ஓம் என்றார்.

ஆறாவது கிழமை இலை விளிம்பு கருகத் தொடங்கியது. நெருப்புக் காட்டி எடுத்த கடதாசி மாதிரி நுனியிலிருந்து உள்நோக்கி வந்தது. நான் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு, கடற்காற்று என்றேன். மேற்குப் பக்கத்துக்கு இன்னும் இரண்டு வலை கட்டினார்கள். பத்து நாளில் கருகல் கூடியது. பூஞ்சணம் என்றேன். மருந்து கொண்டுபோய் அடித்தேன். அதற்கும் கேட்கவில்லை. புதிதாக வந்த குருத்துகள் விரியாமலே சுருண்டன.

இங்கே ஒரு கதை சொல்ல வேண்டும். அதற்கு முந்திய வருடம் நெல்லியடியில் ஒரு வாத்தியார் வீட்டில் அந்தூரியப் பூவெல்லாம் கறுத்துப் போகிறது என்று கூப்பிட்டார்கள். நோயையும் பூச்சியையும் தேடித் தேடிக் களைத்துப் போனேன். கடைசியில் பார்த்தால், பூ பளபளக்க வேண்டும் என்று வாத்தியார் ஒவ்வொரு நாளும் அதற்கு நல்லெண்ணெய் பூசி வந்திருக்கிறார். பண்ணையில் ஒரு மாதம் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். செடி கெட்டால் முதலில் வளர்க்கிறவரின் கையைப் பார் என்று அன்றைக்கு ஒரு முடிவுக்கு வந்தேன். அந்த முடிவைக் காவிக்கொண்டுதான் குருநகருக்கும் போனேன்.

அதனால் நேரே அவரிடம் கேட்டேன். “உண்மையைச் சொல்லுங்கோ. பைப்படியிலை சனம் கூட எண்டு கிணத்துத் தண்ணி ஊத்தினனீங்களோ?”

அவர் கையிலிருந்த தும்பைக் கீழே வைத்தார்.

“சேர், என்ரை பிள்ளையள் உவர்த்தண்ணியிலை குளிக்குதுகள். உங்கடை பூக்கண்டு நல்ல தண்ணியிலை குளிக்குது. இதுக்கு மேலை என்ன கேக்கிறியள்?”

நான் நம்பவில்லை. அதை எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். நம்பவில்லை.

செடிகள் கருகும் செய்தி பெரியவர் காதுக்கு எட்டியது. வெள்ளிக்கிழமை தானே வந்து பார்ப்பதாகவும், நான் அதற்கு முன் அறிக்கை எழுதி வைக்க வேண்டும் என்றும் சொன்னார். செவ்வாய்க்கிழமை உட்கார்ந்து எழுதினேன். கடற்காற்று என்று ஒரு வரி. “பயனாளி முறையாக நன்னீர் ஊற்றவில்லை” என்று இன்னொரு வரி. இரண்டாவது வரிதான் என் தலையைக் காப்பாற்றுகிற வரி. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

புதன் பின்னேரம் குருநகருக்குப் போனேன். வெள்ளிக்கிழமை வாகனம் வரும், செடிகளை ஏற்ற வேண்டிவரும், மற்ற ஆறு பேருக்கும் சொல்லிவிடுங்கள் என்று முன்கூட்டிச் சொல்வதுதான் நோக்கம். அந்த ஆறு பேரும் ஏற்கெனவே தங்கள் வீடுகளில் வலைப்பந்தல் போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். அதனால் எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் வாசலில் நின்றேன். அவராகவே கதை தொடங்கினார்.

“நேற்று ஆடு கயிறறுத்துக்கொண்டு பந்தலுக்கை பூந்திட்டுது சேர். எல்லாம் முடிஞ்சுதெண்டு ஓடிப்போய்ப் பாத்தன். ஒரு இலை கடிக்கேல்லை. சட்டிக்குள்ளை தலையை விட்டு மட்டையை நக்கிக்கொண்டு நிக்குது. துரத்தத் துரத்த வந்து நக்குது. உதுக்குக்கூட எங்கடை கண்டைப் பிடிக்கேல்லை.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினேன். நான் சண்டிலிப்பாயில் தோட்டக்காரர் வீட்டில் பிறந்தவன். ஆடு ஒன்றை விடாமல் நக்கினால் அது என்ன தேடுகிறது என்பதை எங்கள் பக்கத்தில் ஐந்து வயதுப் பிள்ளையும் சொல்லும்.

பந்தலுக்குள் போய் ஒரு சட்டியிலிருந்து மட்டைத் துண்டை எடுத்து வாயில் வைத்தேன். உப்பு. நாக்கு எரிகிற உப்பு.

“உந்த மட்டை எந்தத் தண்ணியிலை ஊறினது?”

“என்ன கேள்வி சேர்? கடல் தண்ணியிலைதான். கரைச் சேத்துக்கை எட்டு மாதம் தாட்டு வைச்சது. ஊறின மட்டை எண்டால் அதுதானே? கூட ஊறினால் நல்லது எண்டு நீங்கள் சொன்னபடியால், கயிறு திரிக்க வைச்சிருந்ததிலை நல்ல பழசாய்ப் பாத்துப் பொறுக்கிப் போட்டனான்.”

எங்கள் ஊரில் ஊறின மட்டை என்றால் கிணற்றடித் தொட்டியில் பதினைந்து நாள் கிடந்து, கயர்ச் சாயம் கழன்று, தண்ணீர் தெளியும்வரை ஊறினது. குருநகரில் ஊறின மட்டை என்றால் தும்புக்காகக் கடற்சேற்றில் புதைத்து வைத்தது. இரண்டு ஊருக்கும் இடையில் ஏழு மைல்தான். ஒரே சொல், ஒரே மட்டை. வேறு ஒருவருக்கும் இந்தப் பிழை வந்திருக்காது, ஏனென்றால் வேறு ஒருவரிடமும் அவ்வளவு நன்றாக ஊறின மட்டை இல்லை. சொன்னதை அப்படியே கேட்டு, தன்னிடம் இருந்ததில் திறமானதைக் கொடுத்ததால்தான் அவரின் செடி கருகியது.

விஷயத்தைச் சொன்னேன்.

“அப்ப ரெண்டு மாதமாய் நான் உதுகளுக்கு உப்புத் தீத்திக்கொண்டு இருந்திருக்கிறன்.”

ஊட்டியது நீங்கள் அல்ல, நான்தான் என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. இனி என்ன செய்யலாம் என்று பேச்சை மாற்றினேன்.

நோயுற்ற செடியின் வேரை அசைக்காதே என்றுதான் நாங்கள் படித்திருக்கிறோம், நானும் அதைத்தான் படிப்பித்திருக்கிறேன். சட்டியோடு வைத்துத் தண்ணீர் விட்டுக் கழுவலாம். ஆனால் மட்டை உப்பைப் பிடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடும். அதுவரை குருத்து தாங்காது. வெளியே எடுத்து வேரைக் கழுவினால் அந்த அதிர்ச்சியிலேயே பாதி போகலாம். கேட்பதற்கு ஒருவரும் இல்லை. எடுப்போம் என்று முடிவு செய்தேன். அது சரியான முடிவு என்று இன்றைக்கும் என்னால் அடித்துச் சொல்ல முடியாது. எடுக்காமல் நிற்பது அதைவிடப் பிழை என்று மட்டும் தெரிந்தது.

செடிக்கு இரண்டு குடமாவது நல்ல தண்ணீர் வேண்டும். நாற்பத்து நாலு குடத்துக்கு எங்கே போவது? பைப்பில் அன்றைக்குத் தண்ணீர் நின்றுவிட்டது. அவர் வேலிக்கு மேலால் இரண்டு பேரைக் கூப்பிட்டார். அரை மணித்தியாலத்தில் ஆறு பெண்களும் வந்துவிட்டார்கள். ஒவ்வொருவர் இடுப்பிலும் ஒரு குடம். அன்று விடிய வரிசையில் நின்று, சமையலுக்கும் குடிக்கவும் பிடித்து வைத்த தண்ணீர். கொண்டுவந்து வைத்துவிட்டு மறுபடி போனார்கள், மறுபடி வந்தார்கள். அடுத்த செடி தங்களுக்கு என்பதால்தானே கொடுத்தார்கள் என்று நீங்கள் கேட்கலாம். இருக்கட்டுமே. அன்று அந்த வீடுகளில் பிள்ளைகள் என்னத்தைக் குடித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்கத் தைரியம் வரவில்லை.

அவரின் கணவர் குசினிக் கூரைக்கென்று அடுக்கி வைத்திருந்த பழைய ஓடுகளை எடுத்து வந்து உடைத்துக் கொடுத்தார். நான் சட்டையைக் கழற்றி வலைக்கம்பில் போட்டுவிட்டு நிலத்தில் இருந்தேன். ஒரு பெண் தண்ணீர் வார்க்க, நானும் அவரும் வேர்களைக் கழுவினோம். மட்டைத் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி எறிந்துவிட்டு, ஓட்டுத் துண்டில் செடியை நிறுத்தினோம். பொழுதுபடுவதற்குள் இருபத்திரண்டும் முடிந்தன.

வெள்ளிக்கிழமை பெரியவர் வந்தார். இரண்டு நாளில் எந்தச் செடியும் தேறிவிடாது. பார்ப்பதற்கு முந்தியதைவிட மோசமாக இருந்தன. பெரியவர் பந்தலை ஒருமுறை சுற்றிவிட்டு அந்தப் பெண்ணைப் பார்த்தார்.

“என்ன பிள்ளை, எதிலை பிழை விட்டனீர்?”

“மட்டை பிழைச்சுப் போச்சு ஐயா. நான்தான் தெரியாமல் கடல் மட்டையைப் போட்டிட்டன்.”

என் பெயரே அதில் இல்லை. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெரியவர் தலையாட்டிக்கொண்டு சாரதியைக் கூப்பிட்டு, “கண்டுகளை ஏத்தும்” என்றார். அந்த ஆறு பெண்களும் வேலி ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாரதி முதல் சட்டியைத் தூக்கிய பிறகுதான் எனக்கு வாய் திறந்தது. அதுவரை மௌனமாக இருந்தேன் என்பதை மறைக்கவில்லை.

“ஐயா, கொஞ்சம் பொறுங்கோ. நான் சொல்லித்தான் அவ போட்டவ.”

“நீர் என்ன சொன்னனீர்? சொன்னதை அப்பிடியே சொல்லும்.”

“நன்றாக ஊறின தேங்காய் மட்டை எண்டு சொன்னனான் ஐயா. எவ்வளவு ஊறுதோ அவ்வளவுக்கு நல்லதெண்டும் சொன்னனான். எந்தத் தண்ணியிலை எண்டு சொல்லேல்லை.”

பெரியவர் மெதுவாக, “முதல் வசனம் நான் எழுதின பிரசுரத்திலை இருக்கிறதெல்லோ?” என்றார்.

“ஓம் ஐயா.”

குனிந்து, புதன்கிழமை நாங்கள் எறிந்த குவியலிலிருந்து ஒரு துண்டை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினார். “எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படிச்சவன் பாட்டைக் கெடுத்தான் எண்டு சும்மாவே சொன்னவங்கள்? ரெண்டு பேரும் இஞ்சைதான் நிக்கிறம்.” பிறகு அவரிடம் திரும்பி, “பிள்ளை, நீர் ஒரு பிழையும் விடேல்லை. கண்டுகள் இஞ்சையே நிக்கட்டும்” என்றார். சாரதி சட்டியைத் திருப்பி வைத்தான்.

பெரியவரை நான் அதற்கு முன்னும் பின்னும் பலமுறை மனதுக்குள் திட்டியிருக்கிறேன். ஆனால் தன் பிழையைப் பத்துப் பேர் முன்னால் வைத்து ஒப்புக்கொள்ளும் மேலதிகாரி எனக்கு வாய்த்தாரே என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன். பிரசுரத்தை அடுத்த முறை அச்சடித்தபோது “நல்ல தண்ணீரில்” என்று இரண்டு சொல் கூடியிருந்தது.

ஏழு செடிகள் போய்விட்டன. பதினைந்து தப்பின. மூன்றாம் மாதம் கருகாத முதல் இலை விரிந்தது. அடுத்த வருடம் பக்கக்கன்றுகள் பிரிக்கக்கூடியதாக வந்ததும், மற்ற ஆறு பேரும் சட்டிகளோடு அதே பந்தலடிக்கு வந்தார்கள். எந்த மட்டை, எந்தத் தண்ணீர், எத்தனை நாள் என்று அவரே விளக்கம் சொன்னார். நான் ஓரமாக இருந்து கேட்டேன். என்னைவிடத் தெளிவாகச் சொன்னார்.

எல்லோரும் போன பிறகு, ஒரு வருடமாக நெஞ்சுக்குள் கிடந்ததைச் சொன்னேன். அந்தச் செவ்வாய்க்கிழமை உங்கள்மேல் பழி போட்டு அறிக்கை எழுதினேன், நீங்கள் உவர்த்தண்ணீர் ஊற்றியதாக எழுதினேன், புதன்கிழமை இங்கே வரும்போது அது என் சட்டைப் பையில் இருந்தது, பிறகுதான் கொடுக்காமல் விட்டேன் என்றேன். அப்படிப்பட்டவனை ஏன் காப்பாற்றப் பார்த்தீர்கள் என்றும் கேட்டேன்.

அவர் ஆச்சரியப்படவில்லை.

“எழுதியிருப்பியள் எண்டு தெரியும் சேர். எங்களைப் பற்றி எழுதுறவை அப்பிடித்தான் எழுதுறவை. ஆனால் புதன்கிழமை நீங்கள் மட்டை பிழை எண்டு மட்டும் சொல்லிப்போட்டுப் போயிருக்கலாம். போகேல்லை. சட்டையைக் கழட்டிப்போட்டு நிலத்திலை இருந்து கழுவினனீங்கள். உங்களை வேறை இடத்துக்கு மாத்திவிட்டால் அப்பிடியொரு ஆளுக்கு நாங்கள் எங்கை சேர் போறது?”

அதன் பிறகு பத்து வருடம் அந்தக் கரைக்குப் போய்வந்தேன். பாதை திறந்திருந்த நாட்களிலும் போனேன், திறக்காத நாட்களில் சுற்றியும் போனேன். அவர் சொன்ன அந்த ஆளாக இருக்கத்தான் பார்த்தேன். எல்லா நாளும் முடியவில்லை.